2880 பைட் வந்த கதை

1970களில் தொலைநோக்கியில் எடுத்த படத்தை இன்னொரு ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டுமானால் காந்த நாடாவில் எழுதி அனுப்ப வேண்டும். கணினிக்குப் படம் என்பது வெறும் எண் வரிசைதான். -12345 என்பதை எழுத்துகளாக எழுதினால் 6 பைட் பிடிக்கும். இரும எண்ணாக எழுதினால் 2 பைட் போதும். வாசிக்கும்போது எழுத்தை எண்ணாக மாற்றும் வேலையும் மிச்சம். ஆகவே நினைவகத்தில் இருப்பதை அப்படியே நாடாவில் கொட்டிவிடுவதே வேகமான வழி.

சிக்கல் நாடாவைப் பெற்றவருக்குத்தான்! ஐபிஎம் 360 கணினி எண்களை 32 பிட்களாகக் கையாண்டது. சிடிசி 6400 கணினியோ 60 பிட்களாக. குறை எண்களை எழுதும் முறையும் எழுத்துக் குறியீடும்கூட இரண்டிலும் வேறு வேறு. ஒன்று எழுதியது மற்றொன்றுக்குக் குப்பை.

1979ல் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தைச் சேர்ந்த டான் வெல்ஸும், தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் கிரைசனும் ஒரு பொது வடிவத்துக்கு உடன்பட்டார்கள். அதன் பெயர் ஃபிட்ஸ். முதலில் பரிமாறிக்கொண்டவை மேலே சொன்ன அந்த இரண்டு வகைக் கணினிகளே. நெதர்லாந்தின் ரான் ஹார்ட்டனும் சேர்ந்துகொள்ள, 1981ல் கட்டுரை வெளியானது. 1982ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றது.

இதில் அழகானது 2880 என்ற எண். ஃபிட்ஸ் கோப்பு 2880 பைட் கொண்ட துண்டுகளாக எழுதப்படும். அதாவது 23040 பிட். இதை 16, 24, 32, 36, 48, 60, 64 எதனால் வகுத்தாலும் மீதி வராது. எந்தக் கணினியும் தன் அளவில் முழுத் துண்டை ஒரே மூச்சில் எழுதலாம், வாசிக்கலாம். எண்களுக்கு முன்னால் வரும் தலைப்புப் பகுதி மட்டும் கண்ணால் படிக்கும்படி எழுத்துகளில் இருக்கும்: துளையட்டையைப் போல வரிக்கு 80 எழுத்து, ஒரு துண்டுக்கு 36 வரி.

இதற்கு விலையும் உண்டு. ஃபிட்ஸில் எண்ணின் பெரிய பைட் முதலில் வரும். வாக்ஸ் கணினிகளும் பின்னர் இன்டெல் சில்லுகளும் இதற்கு நேர் எதிர். அவற்றில் ஒவ்வொரு எண்ணையும் புரட்டிப் போட்டுத்தான் எழுத வேண்டும். தசம எண்கள் தொடக்கத்தில் இல்லவே இல்லை. முழு எண்ணாக எழுதி, எதால் பெருக்குவது, எதைக் கூட்டுவது என்று தலைப்பில் குறித்துவிடுவார்கள். 1985ல் ஐஇஇஇ 754 தரம் வந்த பிறகுதான் அவை நேரடியாக இடம்பெற்றன.

ஒருமுறை சரியென்று ஏற்ற கோப்பைப் பிந்தைய விதி எதுவும் செல்லாததாக்கக் கூடாது என்பதும் ஃபிட்ஸின் கொள்கை. 2022ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளும் ஃபிட்ஸ் கோப்புகளாகவே வெளியாயின, துளையட்டையையே பார்த்திராதவர்களின் கணினிகளுக்கு, அதே 80 எழுத்து வரிகளோடு.