மூர் என்ற சொல் கப்பலேறிய நகரம்

இலங்கை முஸ்லிம்களுள் மிகப் பெரும்பாலானோரின் இனம் அரச பதிவேடுகளில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்றும் ஆங்கிலத்தில் 'மூர்' என்றும் எழுதப்படுகின்றது. சோனகர் என்பது யவனர் என்ற பழஞ்சொல்லின் வழிவந்தது என்பர். அது இந்தக் கரையில் நம் அயலவர் நமக்கு இட்ட பெயர். மூர் என்பதோ அப்படியன்று. ரோமர் காலத்தில் வட ஆபிரிக்காவின் மேற்குக் கோடியில் வாழ்ந்தோரைக் குறித்த 'மௌருஸ்' என்ற இலத்தீன் சொல், ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம்கள் அனைவரையும் குறிக்கும் 'மூரோ' ஆகி, போர்த்துக்கேயரின் கப்பல்களில் இங்கு வந்து சேர்ந்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தனர். மொரோக்கோவைக் கனவிலும் கண்டிராத நம் மூதாதையர் இவ்வாறுதான் 'மூர்'கள் ஆயினர்.

அந்தச் சொல் கப்பலேறிய துறைமுகம் லிஸ்பன். என் சகோதரியின் மகன் அங்கு தொழில் பார்ப்பதால், பாடசாலை விடுமுறையொன்றில் அந்நகரை மூன்று நாட்கள் கால்நடையாகவே சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. ஏழு குன்றுகளின் நகரம் என்று அதைச் சொல்வார்கள். "பஸ்ஸில போவமே மாமா" என்று மருமகன் பலமுறை கேட்டான். ஆனால் அந்நகரின் வரலாறு தெருப் பெயர்களிலும் சுவர்களிலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றது. அதை வாசிக்க நடப்பதே வழி.

முதலில் சென் ஜோர்ஜ் கோட்டைக் குன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இந்நகர் முஸ்லிம்களின் ஆட்சியில் 'அல்-உஷ்பூனா' என்ற பெயருடன் இருந்தது. கோட்டைக்குள் அகழ்ந்தெடுக்கப்பட்ட பதினோராம் நூற்றாண்டு முஸ்லிம் வீடுகளின் அடித்தளங்களை இன்றும் காணலாம். குன்றின் சரிவில் உள்ள அல்பாமா என்ற பழைய பகுதியின் பெயர், வெந்நீரூற்றைக் குறிக்கும் 'அல்-ஹம்மா' என்ற அரபுச் சொல்லின் திரிபு. போர்த்துக்கேயர் தம் சுவர்களில் பதிக்கும் வண்ண ஓடு 'அசுலேஜு'. அதுவும் அரபிலிருந்து வந்தது. நாம் இன்ஷா அல்லாஹ் என்னும் இடத்தில் அவர்கள் 'ஒஷலா' என்கிறார்கள். அதனுள்ளும் அல்லாஹ்வின் பெயர் ஒளிந்திருக்கின்றது. மேசை, கதிரை, அலுமாரி, பாண் என்று அவர்கள் நமக்குத் தந்த சொற்களை வகுப்பில் பட்டியலிடுகிறோம். அவர்கள் நம் மார்க்கத்தவரிடம் பெற்றவற்றின் பட்டியல் அதைவிட நீளமானது.

1147ஆம் ஆண்டு ஜூலையில் அபொன்சு என்றிகேஸ் மன்னன் இந்நகரை முற்றுகையிட்டான். இரண்டாம் சிலுவைப் போருக்காகப் புனித பூமி நோக்கிக் கடல்வழி சென்றுகொண்டிருந்த ஆங்கிலேய, பிளெமிஷ், ஜெர்மானியப் படையினர் கொள்ளைப் பங்குக்கு உடன்பட்டு அவனுடன் சேர்ந்தனர். ஒக்டோபரில் நகர் வீழ்ந்தது. அப்போது நடந்த சூறையாடலில், முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்துவந்த கிறிஸ்தவர்களின் வயது முதிர்ந்த ஆயரையும் சிலுவைப் படையினர் கொன்றனர். இதை எழுதிவைத்தவர் அப்படையுடன் வந்த ஒருவரே. நானூறு ஆண்டு முஸ்லிம் ஆட்சியில் ஓர் ஆயர் அங்கு வாழ முடிந்திருக்கின்றது என்பதற்கும் இதுவே சாட்சி. பள்ளிவாசல் இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது. அதன் உள்முற்றத்தைத் தோண்டியபோது ரோமர் காலத் தெருவும் அதன் மேலே முஸ்லிம் காலக் கட்டடங்களின் எச்சங்களும் வெளிப்பட்டன.

வென்றவர்கள் முஸ்லிம்களை உடனே வெளியேற்றவில்லை. 1170இல் அதே மன்னன் சாசனமொன்றின் மூலம், சுதந்திரமான முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பும், தம்முள் ஒருவரையே நீதிபதியாகத் தெரிந்துகொள்ளும் உரிமையும் வழங்கினான். பதிலுக்கு அவர்கள் தலைவரி முதலான வரிகளைச் செலுத்தவேண்டும். குடியிருப்பு மதிலுக்கு வெளியே, கோட்டைக் குன்றின் வடக்குச் சரிவில். அதுவே 'மூரரியா'. சோனகர் தெரு என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

மூரரியாவின் சந்துகளில் இருவர் சேர்ந்து நடப்பது கடினம். மட்பாண்டத் தொழிலாளரின் நினைவாக 'ஒலரியாஸ்' என்ற தெரு இன்னும் உண்டு. பாது இசையின் முதற் பாடகியாகப் போற்றப்படும் மரியா செவேரா வாழ்ந்ததும் இப்பகுதியிலேதான். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கு பாங்கொலி கேட்டது. 1496 டிசம்பரில் மனுவேல் மன்னன், யூதர்களும் முஸ்லிம்களும் மறு ஆண்டு ஒக்டோபருக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டான். ஸ்பானிய அரச குமாரியை மணப்பதற்கான பேரத்தின் பகுதியாக அது அமைந்தது. யூதர்களின் பிள்ளைகள் பறிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டனர். முஸ்லிம்களின் பிள்ளைகளைப் பறிக்கவில்லை. முஸ்லிம் நாடுகளில் வாழும் கிறிஸ்தவர்கள் மீது பழிவாங்கல் நேரும் என்ற அச்சமே காரணம் என்று டமியாவோ த கோயிஸ் என்ற போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதுகின்றார்.

மூரரியாவிலிருந்து சில நிமிட நடையில் சென் டொமிங்கோஸ் தேவாலய முன்றல். மதம் மாற்றப்பட்ட யூதர்கள் 1506இல் கொல்லப்பட்டதை நினைவுகூர்ந்து அங்கு 2008இல் நினைவுக்கல் நாட்டப்பட்டுள்ளது. ஒரு நகரம் தன் குற்றத்தைத் தானே கல்லில் எழுதிவைப்பது பெரிய காரியம். அந்த நேர்மையை மதிக்கிறேன். வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு அத்தகைய கல் எதுவும் என் நடையில் கண்ணிற்படவில்லை. மூரரியா என்ற பெயர்தான் அவர்களின் மீஸான் கல்.

மூன்றாம் நாள் தேஜு ஆற்றோரமாக ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நடந்து பெலெம் சென்றோம். 1497 ஜூலையில் வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் இங்கிருந்தே புறப்பட்டன. மன்னன் முஸ்லிம்களுக்கு விதித்த கெடு முடிய அப்போது மூன்று மாதங்கள் இருந்தன. ஒரே மன்னன், ஒரே ஆண்டு. மறு ஆண்டு கள்ளிக்கோட்டையில் கரையிறங்கிய முதல் மனிதனைக் காஸ்தீலிய மொழியில் பேசி எதிர்கொண்டவர்கள் தூனிஸ் நகரத்து முஸ்லிம்கள். 1502இல் மீண்டும் வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்களின் கப்பலை மலபார்க் கரைக்கு அப்பால் எரித்தான். அவனது கல்லறை ஜெரோனிமோஸ் மடாலயத்தில், கவிஞர் கமோயிஸின் கல்லறைக்கு எதிரே இருக்கின்றது. அக்கவிஞரின் காவியம் முதற் செய்யுளிலேயே 'தப்ரபானா'வைக் குறிப்பிடுகின்றது. மடாலயத்துக்கு அண்மையில் 1837 முதல் இயங்கும் பலகாரக் கடையொன்று உண்டு. அங்கு முட்டைப் பாற்கூழ் நிரப்பிய அப்பத்தின் மேல் கறுவாத்தூள் தூவி உண்கிறார்கள். இத்தனை கப்பல்களும் எதைத் தேடி வந்தன என்பதை அந்தத் தூள் நினைவூட்டியது.

பிறகு நடந்தவை நமக்குத் தெரிந்தவை. 1505இல் லொரன்சோ த அல்மேதா வந்தான். 1518இல் கொழும்பில் கோட்டை எழுந்தது. 1526இல் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் கோட்டை மன்னன் முஸ்லிம் வணிகரை வெளியேற்றினான். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான்.

மூரரியாவின் அடிவாரத்தில் இன்று பங்களாதேஷ் கடைகளும் தொழுகையிடங்களும் உள்ளன. மொசாம்பிக்கிலிருந்து வந்த முஸ்லிம்கள் முன்னின்று அமைத்த மத்திய பள்ளிவாசல் 1985இல் திறக்கப்பட்டது. விரட்டிய நகரம் மீண்டும் இடம் கொடுத்திருக்கின்றது. நான் கசப்புடன் திரும்பவில்லை.

ஆனால் ஓர் ஆசிரியன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1505இல் புயலில் ஒதுங்கிய ஒரு கப்பலுடன்தான் நாம் போர்த்துக்கேயர் காலத்தைக் கற்பிக்கத் தொடங்குகிறோம். அதனால் முஸ்லிம்களுடனான பகை வெறும் வியாபாரப் போட்டியாக மாணவருக்குத் தோன்றுகின்றது. வியாபாரம் இருந்தது உண்மை. ஆயினும் வந்தவர்கள் தம் அயலிலிருந்த முஸ்லிம்களை விரட்டி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இங்கும் அதே மக்களைக் கண்டதாக அவர்கள் நினைத்தார்கள், அதே பெயரால் அழைத்தார்கள், அதையே செய்தார்கள். அந்தப் பாடத்தை நாம் 1496இலிருந்து தொடங்கினால், பதிவேட்டில் தன் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் சொல் எங்கிருந்து வந்ததென்று நம் பிள்ளைக்கு விளங்கும்.