பொருளும் சூழலும்: நினைவைப் பங்கிட்டுக்கொள்ளும் மூளைப் பகுதிகள்

ஒரு முகத்தையோ சொல்லையோ பொருளையோ முன்பே கண்டிருக்கிறோம் என்று அறிவது பொருள் நினைவு. அதை எங்கே, எப்போது, யாரோடு இருந்தபோது கண்டோம் என்று அறிவது சூழல் நினைவு. அன்றாட வாழ்வில் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றே என்று தோன்றும். மூளையிலோ இவற்றைக் கையாளும் பகுதிகள் வேறு வேறு. அவற்றில் முக்கியமானவை காதுக்கு உட்புறமாக, பொட்டு மடலின் உள்விளிம்பில் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைக் கடந்து இறங்கும் பாதையில் இருக்கும் வெள்ளகவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வத்தலக்குண்டு மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்களின் வழியில் இருந்த பழைய ஊர் இது; அண்மைக் காலம் வரை சாலை எட்டாத ஊரும்கூட. ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. எல்லையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்வரும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். திரும்பும்போது அவருக்கு இரண்டு வேலைகள். அறுந்து தைத்த வார், ஒருபக்கமாகத் தேய்ந்த குதிகால் இவற்றைக் கொண்டு தன் செருப்பை அடையாளம் காண வேண்டும். இன்று அதை எந்த மரத்தடியில் விட்டோம் என்பதையும், போன தடவை விட்ட இடத்தோடு குழப்பிக்கொள்ளாமல், நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

முதல் வேலையில் பெரும்பங்கு பெரிரைனல் புறணிக்கு. ஒன்றுக்கொன்று ஒத்த பொருள்களை நுண்ணிய வேறுபாடுகளால் பிரித்தறிய இது உதவுகிறது. ‘பார்த்த மாதிரி இருக்கிறதே’ என்ற பழக்க உணர்வும் இதைச் சார்ந்ததே. மரம், சரிவு, பாதை வளைவு என்று இடத்தின் அமைப்பைப் பற்றிய தகவல் அதற்குப் பின்னால் உள்ள பாராஹிப்போகாம்பல் புறணியில் சேர்கிறது. படத்தில் வீடோ நிலக்காட்சியோ தெரியும்போது இப்பகுதியின் ஓரிடம் தனித்து வலுவாக இயங்குவதை ரஸ்ஸல் எப்ஸ்டைனும் நான்சி கான்விஷரும் 1998இல் காட்டினர். இரு வகைத் தகவலும் எண்டோரைனல் புறணி வழியாக ஹிப்போகாம்பஸை அடைகின்றன. இந்தப் பொருள் இந்த இடத்தில், இந்த வேளையில் என்ற முடிச்சு விழுவது அங்கேதான்.

எண்டோரைனல் புறணிக்குள்ளும் ஒரு பாகப் பிரிவினை உண்டு. எலிகளில் அதன் உட்பகுதி இடத்தைக் குறிக்கும் செல்கள் நிறைந்தது. மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் 2005இல் அறிவித்த கட்டச் செல்கள் இங்கேதான் இருக்கின்றன. ஹிப்போகாம்பஸின் இடச் செல்களைக் கண்ட ஜான் ஓகீஃபுடன் அவ்விருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிப்பகுதியின் செல்கள் அறையில் வைக்கப்பட்ட பொருள்களை ஒட்டித் துடிக்கின்றன என்று சச்சின் தேஷ்முக்கும் ஜேம்ஸ் நியரிமும் 2011இல் காட்டினர். தேஷ்முக் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தம் ஆய்வகத்தை அமைத்தார்.

ஒரே எல்லையில் பலமுறை செருப்பு விட்டவருக்கு வரும் குழப்பத்தைத் தீர்ப்பது ஹிப்போகாம்பஸின் பல்மடிப்பு என்னும் பகுதி. ஒத்த அனுபவங்களுக்கு வேறுபட்ட செல் கூட்டங்களை ஒதுக்கி, ஒன்றன் மேல் ஒன்று படியாமல் காக்கிறது. அதை அடுத்துள்ள சி.ஏ.3 பகுதி எதிர்த்திசையில் உதவுகிறது: மரத்தைக் கண்டதும் மற்றதெல்லாம் நினைவுக்கு வருவது இதனால்.

இந்தப் பிரிவு தெளிவாவதற்கு நெடுநாள் ஆயிற்று. 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசனுக்கு ஹிப்போகாம்பஸோடு அதைச் சுற்றியிருந்த புறணியும் இருபுறமும் அகற்றப்பட்டது. புதிய நினைவுகள் தங்கவில்லை. ஆனால் பல பகுதிகள் ஒருசேரப் போனதால் எதற்கு எது பொறுப்பு என்று சொல்ல முடியவில்லை. 1980இல் ஜார்ஜ் மேண்ட்லர் உளவியல் பக்கத்திலிருந்து ஒரு நிலையைச் சுட்டினார்: பேருந்தில் ஒருவரைப் பார்க்கிறோம், தெரிந்த முகம்தான், யாரென்று வரவில்லை, கறிக்கடைக்காரர் என்பது பிறகே உறைக்கிறது. 1997இல் ஃபரானே வார்கா-காதெம் விவரித்த மூவருக்குச் சிறுவயதிலேயே ஹிப்போகாம்பஸ் பழுதுபட்டிருந்தது. அவர்கள் பள்ளிக்குப் போய்ப் படித்துப் பொதுஅறிவு பெற்றார்கள். அன்றாடம் நடந்தவைதான் நிற்கவில்லை. 2007இல் இதற்கு நேர்மாறான ஒருவர் பற்றிய அறிக்கை வந்தது. ஹிப்போகாம்பஸை விட்டுவிட்டு அருகிலிருந்த பெரிரைனல் பகுதியை அகற்றிய பின், அவருக்குச் சூழலோடு நினைவுகூர்வது இருந்தது, பழக்க உணர்வு குறைந்தது.

அதே 2007இல் ரேச்சல் டயானா, ஆண்ட்ரூ யோனெலினாஸ், இந்திய வம்சாவளியினரான சரண் ரங்கநாத் ஆகியோர் பெரிரைனல் புறணி, பாராஹிப்போகாம்பல் புறணி, ஹிப்போகாம்பஸ் என்ற மூன்று பகுதிகளையும் ஒரே மாதிரியில் அடக்கினர். லாரி ஸ்கொயர், ஜான் விக்ஸ்டெட் போன்றோர் இதை ஏற்கவில்லை. வலுவான நினைவு எதற்குமே ஹிப்போகாம்பஸ் உதவுகிறது என்பது அவர்கள் வாதம். பழக்க உணர்வு ஓரிடம், முழு நினைவு ஓரிடம் என்று வரப்பு கட்டுவதில் அவர்களுடைய ஐயம் நியாயமானதே. எந்தப் பகுதிக்கு எவ்வகைத் தகவல் வந்து சேர்கிறது என்பதற்கான சான்றுகள் அதைவிட உறுதியானவை.

இடம் மாறினால் நினைவு குறையும் என்ற புகழ்பெற்ற முடிவையும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கரையிலும் நீருக்கடியிலும் சொற்பட்டியல் கற்ற முக்குளிப்போர், கற்ற இடத்திலேயே நன்றாக நினைவுகூர்ந்தனர் என்று காடனும் பேட்லியும் 1975இல் எழுதினர். 2021இல் மறுபடி செய்துபார்த்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை.

ஒரு செய்தியை யார் சொன்னது, எங்கே கேட்டது என்று சரிபார்க்க நெற்றிக்குப் பின்னுள்ள முன்நுதல் புறணியும் தேவை. அது பழுதானவர்கள் செய்தியைச் சரியாகச் சொல்லி, கேட்ட இடத்தைத் தவறாகச் சொல்வதுண்டு. முதுமையிலும் பொருள் நினைவைவிடச் சூழல் நினைவே அதிகம் தளர்கிறது. அல்சைமர் நோயின் தொடக்க மாற்றங்கள் எண்டோரைனல் புறணியை ஒட்டியே தென்படுகின்றன என்று பிராக் தம்பதியர் 1991இல் வகுத்தனர். அதனால்தான் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய முயலும் சோதனைகளில் படங்களைத் தனியே காட்டுவதோடு நிற்காமல், எந்தப் படம் திரையின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்றும் கேட்கிறார்கள்.