பூமிலியோ புரதம்

பழ ஈயின் கருவில் வயிற்றுக் கண்டங்கள் உருவாக இன்றியமையாத புரதம், தூது ஆர்.என்.ஏ.வில் குறிப்பிட்ட வரிசையைக் கண்டு ஒட்டிக்கொள்வது. ஈஸ்ட் முதல் மனிதர் வரை காணப்படும் பஃப் குடும்பத்தைச் சேர்ந்தது.

இப்புரதத்துக்குரிய மரபணுவை 1987-இல் ரூத் லேமனும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் விவரித்தனர். பின்முனையில் பிறக்கும் ஒரு செய்தியை வயிற்றுப் பகுதிக்குக் கொண்டுசேர்ப்பதே இதன் பணி என்று அப்போது கருதப்பட்டது, அக்கருத்து நிலைக்கவில்லை. தாய் ஈ முட்டையில் வைக்கும் ஹஞ்ச்பேக் தூது ஆர்.என்.ஏ. முட்டை முழுவதும் பரவியிருக்கும். ஆனால் வயிறு அமைய, பின்பாதியில் அது புரதமாக மாறக் கூடாது. பின்முனைக்குரிய நானோஸ் என்னும் புரதம் அதைத் தடுக்கிறது. தாய்வழி ஹஞ்ச்பேக்கையும் நானோஸையும் சேர்த்தே நீக்கினால் வயிறு குறையின்றி அமைகிறது என்று 1989-இல் தெரியவந்தது. நானோஸுக்கு அங்கே வேறு வேலை இல்லை என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய சோதனைகள் குறைவு. தடைக்குரிய வரிசைகளை 1991-இல் வார்ட்டனும் ஸ்ட்ரூலும் ஹஞ்ச்பேக் ஆர்.என்.ஏ.வின் புரதமாக மாறாத கடைப்பகுதியில் கண்டனர். அவற்றில் ஒட்டுவது பூமிலியோவே என்று 1995-இல் முராட்டாவும் வார்ட்டனும் காட்டினர்.

1997-இல் உருளைப்புழுவிலும் ஓர் உறவினப் புரதம் கிடைத்தது. இருபால் புழு விந்தணு ஆக்குவதை விட்டு முட்டை ஆக்கத் தொடங்க அது வேண்டும்.

2001, 2002-இல் வெளியான படிக அமைப்புகளே இப்புரதத்தின் வரலாற்றில் மிக விரிவாக அறியப்பட்ட பகுதி. ஒத்த எட்டு அலகுகள் பிறைவடிவில் அடுக்கப்பட்டுள்ளன, உட்புறத்தில் ஆர்.என்.ஏ. நீள்கிறது. அலகு ஒன்றுக்கு ஒரு காரம். அதுவும் தலைகீழாக: எட்டாம் அலகு முதல் எழுத்தைப் படிக்கிறது. சிஸ்டீனும் குளுட்டமினும் அடினினை, அஸ்பராஜினும் குளுட்டமினும் யுராசிலை, செரினும் குளுட்டமேட்டும் குவானினை இனங்காண்கின்றன. இந்த அமினோ அமிலங்களை மாற்றினால் படிக்கும் எழுத்தும் மாறுகிறது. சைட்டோசினைப் படிக்கும் அலகு 2011-இல் செயற்கையாக வடிவமைக்கப்பட்டது.

தடை எவ்வாறு நிகழ்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அடினின் வால் குறுக்கப்படுவதே காரணம் என்று 1997-இல் ஓர் ஆய்வு கூறியது. அடினின் வால் இல்லாத ஆர்.என்.ஏ.விலும் தடை நிகழ்வதாக 2001-இல் மற்றொன்று காட்டியது. இரு வழிகளும் சேர்ந்தே இயங்கக்கூடும். பூமிலியோ கருவெங்கும் இருந்தும் பின்பாதியில் மட்டும் தடை விழுவதற்கான விளக்கம் 2016-இல் தெளிவு பெற்றது: நானோஸ் பூமிலியோவையும் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துப் பற்றி, அருகிலுள்ள காரங்களைத் தானே தொடுகிறது.

மனிதரில் பூமிலியோ-1 மரபணு மாற்றங்கள் 2018-இல் வளர்ச்சிக் குறைபாட்டோடும் தள்ளாட்ட நோயோடும் தொடர்புபடுத்தப்பட்டன.