அஸீஸின் எச்-சுட்டி எத்தனை?

“மாமா, உங்கட ஏ.எம்.ஏ. அஸீஸுக்கு எச்-இன்டெக்ஸ் எத்தினை எண்டு தெரியுமோ?”

பதவி உயர்வு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த என் மருமகன் பகிடியாகக் கேட்ட கேள்வி இது. அவன் பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளன். யாழ்ப்பாண முஸ்லிம்களின் கல்வி வரலாற்றைத் தமிழில் ஒரு நூலாக எழுதவேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அதைப்பற்றி விசாரித்தேன். “அதுக்கு ரெண்டு மூண்டு வருஷம் போயிடும் மாமா. தமிழில எழுதினா ஆர் மேற்கோள் காட்டப்போறாங்கள்? அந்த நேரத்தில இங்கிலீசில நாலைஞ்சு கட்டுரை போட்டா புள்ளி கூடும்” என்றான். பகிடி எனக்குத் தைத்துவிட்டது.

இந்த அளவுகோலின் வரலாறு நீண்டதல்ல. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட், எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டியது என்று தொகுத்து, 1964இல் விஞ்ஞான மேற்கோள் சுட்டியை வெளியிட்டார். ஆய்வுகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியாகத்தான் அது வந்தது. நாளடைவில் ஆளை அளக்கும் கோலாகிவிட்டது. 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் எச்-சுட்டியை முன்வைத்தார். கணக்கு சுலபமானது. ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய சுட்டி 10. ஆனால் வாழ்நாள் முழுதும் உழைத்து ஒரேயொரு பெருநூல் எழுதியவருக்கு, அந்த நூல் ஆயிரம் தடவை எடுத்தாளப்பட்டாலும் சுட்டி 1 தான்.

துறைக்குத் துறை வேறுபாடும் உண்டு. உயிரியலாளர்களின் சுட்டி பௌதிகவியலாளர்களுடையதைவிட உயர்ந்திருப்பதை ஹிர்ஷே எடுத்துக்காட்டினார். மருத்துவக் கட்டுரையொன்றில் பலர் சேர்ந்து எழுதுவார்கள்; அது வெளிவந்த ஓரிரு வருடங்களிலேயே மேற்கோள்கள் குவியும். கணிதத்தில் மெதுவாகவே வரும். வரலாறும் இலக்கியமும் நூல்களில் வாழ்பவை. சர்வதேசத் தரவுத்தளங்களோ பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளையே எண்ணுகின்றன. ஆகவே ஒரு துறையாரை இன்னொரு துறையாரோடு வெறும் எண்ணால் ஒப்பிடுவது, மீனையும் பூவையும் ஒரே தராசில் போட்டு விலை பேசுவது போலாகும். ஒரு கட்டுரையை அதே துறையில், அதே ஆண்டில் வந்தவற்றின் சராசரியோடு ஒப்பிடும் முறை இதற்காகத்தான் வந்தது. 2012இன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015இன் லெய்டன் அறிக்கையும், எண்ணை மட்டும் வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்றே வற்புறுத்தின.

நமக்கு இது புதுப் பாடமா? ஹதீஸ் கலை படித்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுண்டு. அபூஹுரைரா (ரழி) அவர்கள் வழியாக 5,374 அறிவிப்புகள் வந்துள்ளன என்பர். அபூபக்ர் (ரழி) அவர்கள் வழியாக 142. இதைக்கொண்டு ஸித்தீக் அவர்களின் அறிவு குறைந்தது என்று சொன்ன அறிஞர் எவரும் இல்லை. நபி (ஸல்) அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரழி) வாழ்ந்தது இரண்டு வருடங்களும் சில மாதங்களும்தான். அதுவும் ஆட்சிப் பொறுப்போடு. அபூஹுரைரா (ரழி) 40 வருடங்களுக்கு மேல் வாழ்ந்து போதித்தார்கள். நம் முன்னோர் எண்ணிக்கையைக் குறித்தார்கள், காரணத்தையும் சேர்த்தே குறித்தார்கள். அதற்கும் மேலாக, அறிவிப்பாளர் எத்தனை பேர் என்பதோடு நில்லாமல் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஆராய ஒரு தனிக் கலையையே வளர்த்தார்கள்.

இனி அஸீஸுக்கு வருவோம். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, அல்லாப்பிச்சை குர்ஆன் மத்ரஸாவிலும் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர். ‘இலங்கையில் இஸ்லாம்’, ‘மிஸ்றின் வசியம்’, ‘கிழக்காபிரிக்கக் காட்சிகள்’ என்று தமிழில் எழுதினார். 1973இல் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது மறைவுக்குப் பின்னர்தான். 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, வசதியற்ற பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. அந்தப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளின் அடிக்குறிப்பில் அவர் பெயர் இருக்காது. ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரைகளில் சில எழுதப்பட்டே இருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மேற்கோள் காட்டப் பிரதி கையில் இருக்கவேண்டும். 1981இல் யாழ். பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது, உடுத்த துணியோடு போனவர்கள் புத்தக அலுமாரியைத் தூக்கிக்கொண்டா போனார்கள்? பிரதி இல்லாத நூலுக்கு மேற்கோள் வராது. மேற்கோள் வராத நூலைத் தரமற்றது என்று சுட்டி சொல்லாமல் சொல்லிவிடுகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றி இந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்த்துவருகிறது.

அதற்காக எண்ணே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எண் இல்லாத இடத்தில் சிபாரிசும் உறவுமுறையும் ஆட்சி செய்யும். ஆள்பலம் இல்லாத இளைஞனுக்கு எண்ணும் ஒரு துணைதான். நம் பக்கத்துக் குற்றமும் உண்டு. அஸீஸிடமிருந்தும் உவைஸிடமிருந்தும் பந்தி பந்தியாக எடுத்து, பெயர் சொல்லாமல் எழுதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இஸ்னாதை உலகுக்குக் கொடுத்த சமூகம் அடிக்குறிப்புப் போடப் பஞ்சிப்படலாமா? ‘அறிஞர் ஒருவர் கூறுவார்’ என்று எழுதினால் அது அறுந்த சங்கிலி.

மருமகனிடம் சொன்னேன்: “ஆங்கிலக் கட்டுரையையும் எழுது, பதவி உயர்வு தேவைதான். ஆனா அந்தப் புத்தகத்தை விடாத. எங்கட தெருவில மத்ரஸா நடந்த கதையைச் சொல்லக்கூடிய ஆக்கள் இப்ப விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவையள் போனாப் பிறகு நீ ஆரை மேற்கோள் காட்டுவாய்?”

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு முதியவருக்குப் பக்கத்தில் இருந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தான்.