ஒளிரும் கணுவும் அனுமானத்தின் எல்லையும்

புற்றுநோய்ச் சஸ்திர சிகிச்சையில் நிணநீர்க் கணுக்களைச் சாயத்தால் ஒளிரச் செய்து காணும் முறை நாடெங்கும் பரவிவரும் இக்காலத்தில், எத்தனை கணுக்கள் ஒளிர்ந்தன என்பதையே அதன் மேன்மைக்கு அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இவ்வளவுகோல் போதாது என்பதே எமது வாதம்.

கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலிற் சென்றடையும் காவல் கணுவில் நோயில்லையேல் அதற்கப்பாலும் இராது என்ற அனுமானத்தை, 1977இல் கபானாஸ் ஆண்குறிப் புற்றுநோயில் முன்மொழிய, 1992இல் மார்ட்டன் குழுவினர் மெலனோமாவில் நீலச் சாயத்தின் துணைகொண்டு நிலைநாட்டினர். எல்லாக் கணுக்களையும் களைந்தெறிவதால் வாழ்நாள் முழுதும் கையோ காலோ வீங்கிக் கிடக்கும் அவஸ்தையிலிருந்து எண்ணற்ற நோயாளிகள் தப்பியது இவ்வனுமானத்தின் பயனே.

இன்று நீலத்தின் இடத்தைப் பிடித்துவரும் இண்டோசயனின் கிரீன், கோடாக் ஆய்வுக்கூடத்திற் பிறந்து, இருதயத்தின் குருதியோட்டத்தை அளக்கும் பணியில் வளர்ந்து, 1959இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற பழைய மருந்துதான். புரதங்களோடு பிணைந்து, ஏறத்தாழ 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள கிரணத்தை ஏற்று, 830 அளவில் கண்ணுக்குப் புலனாகாத ஒளியை அது உமிழ்கிறது. அவ்வலைநீளத்தைக் குருதி அதிகம் விழுங்குவதில்லையாதலால், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள கணுவும் தனிக் கேமராவின் திரையில் மின்னுகிறது. 2005இல் ஜப்பானின் கிட்டாய் குழுவினர் மார்பகப் புற்றுநோயுற்ற 18 பேரில் 17 பேரிடம் இவ்வாறு காவல் கணுவைக் கண்டனர்.

கருப்பைப் புற்றுநோயிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இரு சாயங்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், கணுக்களுள் 97 சதவீதத்தைப் பச்சைச் சாயமும் 47 சதவீதத்தையே நீலச் சாயமும் காட்டின. வெற்றி ஐயமற்றது, ஆனால் எவ்வினாவுக்கு விடை? நிணநீர் எவ்வழிச் சென்றது என்பதே இங்குப் பிரத்தியட்சம். நோய் எங்கும் பரவவில்லை என்பது இன்னும் அனுமானமே. சாயத்துக்குப் புற்றணுவைப் பிரித்தறியும் சக்தி கிடையாது. அன்றியும், புற்று முழுவதும் நிறைந்து வழியடைபட்ட கணு, சாயத்தை ஏலாமல் இருண்டே கிடக்கக்கூடும்.

எனவே, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் காவல் கணுவோடு ஏனைய கணுக்களையும் களைந்து ஒத்துப்பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வையே யாம் பெரிதும் மதிக்கிறோம். அதில் 86 சதவீதத்தினரிடம் ஒரு கணுவேனும் தென்பட்டது. அவ்வாறு தென்பட்டவர்களுள் கணுக்களில் நோய் பரவியிருந்த 36 பேரில் 35 பேரைக் காவல் கணு காட்டிக்கொடுத்தது. ஆயினும் இடுப்பின் இருபுறமும் ஒளிர்ந்தது ஏறத்தாழப் பாதிப் பேரிடமே என்பதை ஆர்வலர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

இரைப்பைப் புற்றுநோயில் இதே சாயத்தைக் கேமராவின்றி வெறுங்கண்ணாற் கண்டு ஜப்பானியர் நடத்திய ஆய்வோ, நோய் பரவிய 28 பேரில் 13 பேரைத் தவறவிட்டு இடையிலேயே நின்றது. சிகிச்சை நடக்கும்போதே கணுவை உறையவைத்து ஒரே தளத்தில் சீவிப் பார்த்தது இதற்கு முக்கிய காரணம். கூடுதலாகச் சீவிப் பார்த்தபோது பிழை பெரிதும் குறைந்தது. சாயம் கணுவை எடுத்துக்கொடுக்கும், தீர்ப்பளிப்பது நுண்ணோக்கியே.

ஆகவே, இத்துறை ஆய்வேடுகள் கண்டறிந்த விகிதத்தை மட்டும் வெளியிடாமல், தவறவிட்ட விகிதத்தையும், கணு சீவப்பட்ட முறையையும் சேர்த்தே வெளியிட வேண்டும். ஒளிராத பக்கத்தின் கணுக்களையும், ஒளிராவிடினும் வீங்கிய கணுவையும் களைவதைச் சஸ்திர வைத்தியர்கள் தளராத விதியாகக் கொள்ளவேண்டும்.