பத்திரம் யார் கையில்? – சூபா கிராமம் முதல் வாகட் ஃப்ளாட் வரை

புனேயில் வீடு வாங்கும் நம்மவர் குடும்பங்களில் ஒரு சந்தேகம் தவறாமல் எழுகிறது. பணம் கட்டி, முத்திரைத் தீர்வை செலுத்தி, சார்பதிவாளர் முன் கைரேகையும் புகைப்படமும் கொடுத்துவிட்டுப் பிள்ளை வெளியே வரும்போது அவன் கையில் இருப்பது 'அக்ரிமென்ட் ஃபார் சேல்' என்னும் ஒப்பந்தம். "கிரயப் பத்திரம் எப்போதுடா வரும்?" என்று மாம்பலத்திலிருந்து அப்பா கேட்கிறார். "அதுதாம்பா இது" என்கிறான் பிள்ளை. அப்பாவுக்கு அன்று தூக்கம் வருவதில்லை.

அப்பாவின் கவலை நியாயமானதே. சென்னையில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம் வேறு. அடுக்குமாடி வீடு வாங்குபவர் பெயருக்கு மனையில் பிரிக்கப்படாத பாகம் தனியாகக் கிரயம் ஆகிவிடும். கட்டுவதற்கு வேறொரு ஒப்பந்தம். வீடு இடிந்தாலும் மண்ணில் ஒரு பங்கு நமக்கு உண்டு. புனேயில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஃப்ளாட் நமக்கு, நிலம் பின்னால் சொஸைட்டிக்கு. அந்தப் 'பின்னால்' எப்போது என்பதில்தான் சங்கடமே இருக்கிறது.

ஹிஞ்ஜவடி ஐ.டி. பார்க்கை ஒட்டியுள்ள வாகட்டில் இன்று தமிழ் கேட்காத வளாகம் அரிது. முளா நதிக்கரையில் முல்ஷி தாலுகாவைச் சேர்ந்த கிராமமாக இருந்த அந்த ஊர், 1997-ல்தான் பிம்ப்ரி-சின்ச்வட் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. அதாவது, நம் பிள்ளைகள் பதினோராவது மாடியில் குடியிருக்கும் நிலம், ஒரு தலைமுறைக்கு முன் வரை வயல். ஆகவே வாகட்டில் ஃப்ளாட் வாங்குவதன் சரித்திரம் வயலின் சரித்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வயலின் காகிதம் யார் கையில் இருந்தது என்பதே அந்தச் சரித்திரத்தின் சாரம்.

பேஷ்வாக்களிடமிருந்து புனேயைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், முதலில் பிரிங்கிள் என்ற அதிகாரியை வைத்து நிலத்தை அளந்தார்கள். அவர் ரிக்கார்டோவின் பொருளாதாரத் தத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர். நிகர விளைச்சலில் 55 சதவீதம் அரசுக்கு என்று கணக்குப் போட்டார். சூத்திரம் அழகானது, அளவீடுகள்தான் தப்பு. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். வரி கொடுக்க முடியாமல் குடியானவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1835-ல் இந்தாபூர் தாலுகாவில் கோல்ட்ஸ்மித், விங்கேட் இருவரும் புதிதாக அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சர்வே எண் கொடுத்து, முப்பது வருஷத்துக்கு வரியை நிர்ணயித்தார்கள். இன்று வாகட் ஒப்பந்தங்களின் அட்டவணையில் காணும் சர்வே எண்கள் அந்த முறையின் வாரிசுகளே.

வயலுக்கு எண்ணும் உரிமையும் வந்தவுடன் அதை அடமானம் வைக்கவும் வழி பிறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை பருத்தி விலை ஏறிற்று. சாவ்கார்கள் கேட்காமலே கடன் கொடுத்தார்கள். போர் முடிந்தது, விலை சரிந்தது, வரியும் உயர்த்தப்பட்டது. இதற்கு நடுவே ஒரு சட்டம் வேடிக்கையான காரியம் செய்தது. கடன் பத்திரம் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும் என்று 1859-ல் காலவரையறைச் சட்டம் வந்தது. வட்டி குட்டி போட்டு வளராமல் தடுப்பதே அதன் நோக்கம். நடந்தது நேர்மாறு. மூன்றாம் வருஷ முடிவில் சாவ்கார் குடியானவனைக் கூப்பிட்டு, பாக்கி அசலோடு வட்டியையும் சேர்த்து, அந்த மொத்தத்தையே புது அசலாக எழுதிப் புதுப் பத்திரத்தில் ரேகை வாங்கிக்கொண்டார். செலுத்திய பணத்துக்கு ரசீது கிடையாது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ரேகை வைத்தவனுக்குத் தெரியாது. கணக்குப் புத்தகமும் பத்திரமும் சாவ்காரின் பெட்டிக்குள் இருந்தன.

1875 மே 12, புனே ஜில்லாவின் சந்தை ஊரான சூபாவில், சுற்றுவட்டாரக் குடியானவர்கள் கூடிக் கடைகளைத் தாக்கினார்கள். தானியம் கொள்ளை போனது, வீடுகளுக்கும் தீ வைக்கப்பட்டது. ஆனால் அவர்கள் குறிப்பாகக் கேட்டது கணக்கு வஹிகளையும் கடன் பத்திரங்களையும்தான், கிடைத்தவற்றைக் கொளுத்தினார்கள். கலவரம் அகமத்நகர் பக்கமும் பரவி முப்பதுக்கு மேற்பட்ட கிராமங்களைத் தொட்டது. சரித்திரப் புத்தகங்களில் இதற்குத் தக்காணக் கலவரம் என்று பெயர்.

விசாரணைக் கமிஷனுக்குப் பின் 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. புனே, சதாரா, அகமத்நகர், சோலாப்பூர் என்ற நான்கு ஜில்லாக்களுக்கு. இதை ஒருமுறை படித்துப் பார்த்தால், நாம் இன்று வங்கியிடம் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. விவசாயி எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரம் கிராமப் பதிவாளர் முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும். செலுத்திய தொகைக்கு ரசீது, வருஷாந்தரக் கணக்கு, பாஸ் புத்தகம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. வழக்கு வந்தால் நீதிபதி கடைசிப் பத்திரத்தோடு நிற்காமல், கடன் ஆரம்பித்த நாளிலிருந்து வரலாற்றைக் கிளற வேண்டும். அந்தக் காலத்து அரசாங்கத்தைப் புகழும் வழக்கம் எனக்கில்லை. என்றாலும் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நோயின் நாடியைப் பிடித்தவர்கள் என்றே எண்ணுகிறேன்.

பிறகு 1903-ல் பம்பாய் மாகாணம் நில உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தை இயற்றியது. நிலம் கைமாறினால் அது தலாட்டியின் பதிவேட்டில் ஏற வேண்டும். மராத்தியில் 'ஃபேர்ஃபார்' என்பார்கள். அந்த வழியில் வந்ததே இன்றைய 'ஸாத்-பாரா', அதாவது 7/12. ஏழாம் படிவம் யாருக்கு உரிமை என்று சொல்லும், பன்னிரண்டாம் படிவம் என்ன பயிர் என்று சொல்லும். நம் பட்டா, சிட்டா, அடங்கலை ஒரே தாளில் மடித்தது போல. வாகட்டைப் போன்ற ஊரில் இதன் 'இதர உரிமைகள்' என்ற கட்டத்தைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். 1948-ன் குத்தகைச் சட்டப்படி 1957 ஏப்ரல் 1 அன்று உழுதவனுக்கே நிலம் என்றானது. அப்படி வந்த நிலத்தைக் கலெக்டர் அனுமதியின்றி விற்க முடியாது என்று முன்பு இருந்த நிபந்தனை அங்கேதான் குறிக்கப்பட்டிருக்கும். விளம்பரத் தாளில் நீச்சல் குளத்தின் படம் இருக்கும், இது இராது.

வயல் எப்படி ஃப்ளாட் ஆயிற்று என்பதற்குப் பம்பாய்க்குப் போக வேண்டும். அங்கே காம்தேவியில் 1915-ல் சாரஸ்வத சமூகத்தார் கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் அமைத்தார்கள். கட்டடமும் மனையும் சங்கத்துக்கு, அங்கத்தினருக்குப் பங்குப் பத்திரமும் குடியிருப்பும் என்ற அந்த மாதிரி மாநிலமெங்கும் வேரூன்றியது. 1947-ன் வாடகைச் சட்டத்துக்குப் பின் வாடகைக்குக் கட்டுவோர் குறைந்து, 'ஓனர்ஷிப் ஃப்ளாட்' என்று விற்கும் தொழில் செழித்தது, கூடவே மோசடியும். அதன் விளைவு 1963-ன் மகாராஷ்டிர ஃப்ளாட் உரிமைச் சட்டம், சுருக்கமாக மோஃபா. விலையில் இருபது சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, வாங்குமுன் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்றது அது. நம் பிள்ளை கையிலுள்ள 'அக்ரிமென்ட்' அங்கே பிறந்ததுதான். சொஸைட்டி பதிவான நான்கு மாதத்துக்குள் நிலத்தையும் கட்டடத்தையும் 'கன்வேயன்ஸ்' செய்து தர வேண்டும் என்று விதிகள் கூறின. (1970-ன் அபார்ட்மென்ட் சட்டப்படி பதிவான வளாகங்களும் புனேயில் உண்டு. அவற்றில் நம்மூர் போல் ஆளுக்கொரு பிரிக்கப்படாத பாகம் வரும். எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம்.)

நான்கு மாதம் என்பது பல இடங்களில் நாற்பது வருஷமாயிற்று. கன்வேயன்ஸ் செய்யாத வரை பில்டருக்கு லாபம்; மிச்ச மனையிலும், பின்னால் கூடும் கட்டுமான உரிமையிலும் அவர் கை இருக்கும். கட்டடம் பழுதாகி இடித்துக் கட்ட நினைக்கும்போது, நிலம் தங்கள் பெயரில் இல்லை என்று குடியிருப்போர் கண்டுகொண்டார்கள். 2008-ல் சட்டம் திருத்தப்பட்டு 'டீம்டு கன்வேயன்ஸ்' வந்தது: பில்டர் கையெழுத்திட மறுத்தால் சொஸைட்டி மனுப் போடலாம், கூட்டுறவுத் துறையின் மாவட்ட துணைப் பதிவாளர் விசாரித்துச் சான்று அளித்தால் அதைக்கொண்டு பத்திரம் பதியலாம். 2017 மே முதல் முழுமையாக அமலான ரெரா சட்டம் பதிவில்லாமல் வாங்கும் முன்பணத்தைப் பத்து சதவீதமாகக் குறைத்தது.

வீட்டுக் கடனுக்கும் இதே காகிதக் கதைதான். மூலப்பத்திரத்தை ஒப்படைத்தே ஈடு வைக்கும் முறை 1882-ன் சொத்து மாற்றுச் சட்டத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற சில வர்த்தக நகரங்களுக்கு மட்டும் இருந்த சலுகை. பிறகு அறிவிக்கைகள் மூலம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. தனிப் பத்திரம் எழுதாததால் சார்பதிவாளர் புத்தகத்தில் சுவடே இராது. ஒரே ஃப்ளாட்டின் பேரில் இரண்டு இடத்தில் கடன் வாங்கியவர்கள் உண்டு. 2013 முதல் மகாராஷ்டிரத்தில் அப்படிப்பட்ட ஈட்டுக்கு முப்பது நாளில் சார்பதிவாளரிடம் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். கடனை அடைத்தாலோ, வட்டி குறைவென்று வேறு வங்கிக்கு மாற்றினாலோ, பழைய அறிவிப்பு நீங்கிவிட்டதா என்று பார்க்காமல் விடக் கூடாது. மாறுதலுக்கும் ஒரு காலத்தில் அபராதம் உண்டு. 2012-ல் ரிசர்வ் வங்கி, மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனுக்கு அதை நிறுத்தியது. 2023 டிசம்பர் முதல், கடனைத் தீர்த்த முப்பது நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் ஈடு தர வேண்டும். சூபாக்காரர்களுக்கு இந்த விதி கிடைத்திருந்தால் தீப்பெட்டி தேவைப்பட்டிராது.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் குடியிருக்கும் வாகட் வளாகத்தில் சொஸைட்டி பதிவாகிப் பல வருஷமாயிற்று. 7/12-ல் இன்னமும் பழைய விவசாயக் குடும்பத்தின் பெயர்கள்தான். பில்டர் இதுவரை மூன்று தேதி சொல்லியிருக்கிறார். சென்ற பொதுக்குழுவில் டீம்டு கன்வேயன்ஸுக்கு மனுப் போடத் தீர்மானம் ஆயிற்று. முப்பது வருஷத்துச் சர்ச் ரிப்போர்ட்டையும் ஃபேர்ஃபார் நகல்களையும் சரிபார்க்கும் வேலையை, வேறு வேலையில்லாத மாமா என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். மராத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். இப்போது 1988-ல் நிற்கிறேன்.