மடூல்சீமையில் விழுந்த துரு

1869இல், பதுளைக்குக் கிழக்கே மடூல்சீமையில், அண்மையில் காடழித்து நட்ட கோப்பிச் செடிகளின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் படிந்தது. துரைமார் சில இலைகளைப் பறித்துப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோர்ஜ் த்வெய்ட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் அவற்றை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சணவியல் அறிஞரான பாதிரியார் மைல்ஸ் ஜோசப் பெர்க்லிக்கு அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ இதழில் அந்தப் பூஞ்சணம் ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்ற பெயருடன் அறிவியலுக்குள் நுழைந்தது. அதே 1869இல் இன்னொரு அச்சுப் பிரதியும் வெளிவந்தது: ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. கோப்பி பயிரிடும் முறையைத் தமிழ்க் கும்மி மெட்டில் சொல்லும் நூல் அது. முதலாவது பிரதி சில மாதங்களில் உலகத் தாவரவியலின் சொத்தாயிற்று. இரண்டாவதை ஆய்வுக்குரிய சான்றாக ஒருவர் எடுத்து விரிவாகப் பேசுவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்த இடைவெளியைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. மடூல்சீமை அடங்கிய ஊவாவின் தோட்டங்களில் எந்த ஆய்வுக்குப் பணமும் கட்டடமும் கிடைத்தன, எது தனிமனிதர் முயற்சியாகவே நின்றது என்பதை அது காட்டுகிறது. மடூல்சீமையில் 1869இல் உண்மையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு எந்த ஒரு துறையாலும் தனியே விடை சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாவரவியலில் இருந்தே தொடங்கலாம். அதற்கு அந்த உரிமை உண்டு. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இந்நோயை ஆராய்வதற்காகவே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்திகளை அவர் பிடித்துக் காட்டினார். ஈரம் பட்ட இலையில் வித்தி முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே நுழைவதையும் விளக்கினார். நோய்க்கு மண் காரணம், உரக்குறைவு காரணம், பருவம் பிழைத்தது காரணம் என்று அதுவரை துரைமார் அடுக்கிக்கொண்டிருந்த ஊகங்கள் எல்லாம் அத்துடன் அடிபட்டன. மலைக்கு மலை ஒரே செடியை இடைவெளியின்றி நட்டு வைத்ததுதான் பூஞ்சணத்துக்குப் பெரிய விருந்து என்றும் அவர் கண்டார். தாவர நோயியல் என்ற துறையின் தொடக்க கால ஆய்வுகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று இது. ஆனாலும் கோப்பி பிழைக்கவில்லை. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் நின்ற பயிர் நூற்றாண்டு முடியுமுன் கிட்டத்தட்ட இல்லாமற் போயிற்று. வார்டின் விடை சரியானது, செயற்படுத்த முடியாதது. ஏன் முடியாது என்பதற்குத் தாவரவியலில் பதில் இல்லை. முன்கடன் வாங்கி, வரப்போகும் அறுவடையையே ஈடு வைத்து நடந்த தோட்டம் ஒன்று, செடிகளைப் பிடுங்கி இடையிடையே வேறு மரங்களை நட்டுக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருக்க முடியாது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது அந்தக் கடன் சங்கிலி எல்லோருக்கும் தெரிந்தது. நோய் இலையில் இருந்தது. அதன் வேகம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘காடழித்து நட்ட’ கோப்பி என்று மேலே எழுதியது தோட்ட ஆவணங்களின் நடை. அந்த நடையை நம்பினால், கோப்பிக்கு முன் ஊவா ஆளற்ற வெளி என்றே தோன்றும். 10ஆம் நூற்றாண்டில், நான்காம் உதய மன்னன் காலத்தில், ஹோபிட்டிகம என்ற சந்தையின் வணிக ஒழுங்குகளைப் பொறித்த தூண் கல்வெட்டு ஒன்று சொரபொர வாவிப் பக்கத்தில் கிடைத்து, பின் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. எடை, வரி, அதிகாரிகளின் அத்துமீறல் வரை பேசும் அந்தக் கல்லும், பிரித்தானியருக்கு எதிரான 1818ஆம் ஆண்டு ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட வரலாறும் சேர்ந்து, ‘வெற்று நிலம்’ எப்படி உண்டாக்கப்பட்டது என்று சொல்கின்றன. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் அந்த வேலையைக் காகிதத்தில் முடித்து வைத்தது.

இனி துருவின் பின்விளைவுக்கு வருவோம். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆட்கள் நிறையத் தேவை, மற்ற மாதங்களில் குறைவு. தேயிலை அப்படியல்ல, ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும், சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்தே ஆகவேண்டும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1890களின் பிற்பகுதியில் நாடெங்கும் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. கொழுந்தெடுக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பெண்கள் வந்த இடத்தில் குடும்பம் தங்கியது. தங்கியவர்களுக்கு லயங்கள் என்ற வரிசை வீடுகள் எழுந்தன. ஆட்களைக் கட்டி வைக்க, ஆள்சேர்க்கும் கங்காணியின் முற்பணமும், கடன் தொகையை எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறிய ‘துண்டு’ முறையும் இறுகின. 1921இல்தான் துண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இப்படி நிரந்தரமாகத் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கும் எண்ணிப் பங்கிட்டது. ஒரு பூஞ்சண வித்தியில் இருந்து குடியுரிமை வரை நீளும் இந்தக் கோட்டை வரையத் தாவரவியல், பொருளியல், தொழிலாளர் வரலாறு, சட்டம் ஆகிய நான்கும் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டாலும் கோடு நடுவில் அறும்.

இந்தக் கோடு மிகவும் நேராக இருக்கிறதே என்று ஒருவர் ஐயுறலாம், ஐயம் நியாயமானது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பட்ரிக் பீபிள்ஸ், 2001இல் வெளிவந்த தமது நூலில், கோப்பித் தொழிலாளர் எல்லோரும் தென்னிந்தியாவில் இருந்து வந்துபோகும் பருவக்காரர்கள் என்ற பழைய கூற்றையே கேள்விக்கு உள்ளாக்கினார். கோப்பிக் காலத்திலேயே பெண்களும் பிள்ளைகளுமாகக் கணிசமானோர் இங்கே வேரூன்றிவிட்டார்கள் என்பது அவர் வாதம். ‘வந்துபோகிறவர்கள்’ என்ற சித்திரம் தோட்ட நிர்வாகத்துக்கும் வசதி, பின்னாளில் குடியுரிமையை மறுத்தவர்களுக்கும் வசதி. ஆகவே அதைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்பது சரிதான். இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் மேலே வரைந்த கோடு அழிந்து போவதில்லை, சற்று வளைகிறது. தேயிலை குடியேற்றத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் பெருக்கி, மாற்ற முடியாததாக ஆக்கியது. கவனிக்க வேண்டியது, இந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்பதே. பூஞ்சணத்தை எத்தனை முறை நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் இது தெரியவராது. குடித்தொகையையும் பிறப்பு இறப்பையும் பொறுமையாக எண்ணுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கும்மிக்குத் திரும்பினால் இன்னொரு மறுப்பு எழுகிறது. அதை எழுதியவர் தோட்டத்தில் அதிகாரத்தின் பக்கம் நின்றவர். துரைமாரின் நோக்கில் பேசும் பாட்டு எப்படித் தொழிலாளியின் வரலாற்றுக்குச் சான்றாகும்? ஆகும், அது என்ன சொல்கிறது என்பதோடு யாரை நோக்கி, எந்தக் குரலில் சொல்கிறது என்பதையும் படிக்கத் தெரிந்தவருக்கு. பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ அதைத்தான் செய்கிறது. கும்மியையும், சின்னத்துரைமார் தொழிலாளரை ஏவுவதற்காகக் கற்றுக்கொண்ட தமிழ்க் கைநூல்களையும் அது ஆதிக்கத்தின் ஆவணங்களாகவே வாசிக்கிறது. கட்டளை வடிவங்கள் நிறைந்த ஒரு மொழிக் கைநூல், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்த அன்றைய பெரட்டுக் களம் எப்படி இயங்கியது என்பதற்கு எந்த நிர்வாக அறிக்கையையும் விட நேர்மையான சாட்சி. எழுதியவர்கள் அதை மறைக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. ஹாலி-எலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ இதே வகை உழைப்பு. பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் தேடித் தேடிக் கட்டிய நூல் அது. தோட்டத்துப் பள்ளியில் படிப்பித்து, பின் கொழும்பில் கணக்கு வேலை பார்த்தபடி அவர் அதைச் செய்தார். பல்கலைக்கழகத் துறையோ ஆய்வு நிதியோ அவருக்குப் பின்னால் இல்லை. இதைத் தனிமனித அர்ப்பணிப்பு என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. ஒரு சமூகத்தின் இலக்கிய வரலாறு ஒருவருடைய ஓய்வு நேரத்தில் எழுதப்பட வேண்டியிருந்தது என்பதைப் பாராட்டு மறைத்துவிடக் கூடாது.

செடியின் பக்கம் நிலைமை வேறு. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. ஏற்றுமதித் தேயிலை மீதான தீர்வையே அதற்கு நிதி. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தலைமையகம், பசறையில் ஊவாவுக்கான நிலையம். அதன் சாதனைகளைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1930களின் நடுப்பகுதியில் இலைச்சுருட்டிப் புழுவை அடக்க ஜாவாவில் இருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மருந்து தெளிக்காமலே புழு அடங்கிற்று. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு உரிய சேர்மங்களை ஆராய்ந்ததும் அழகான அறிவியல். ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று மறுபக்கத்து மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு உலர்ந்த கச்சானாக ஊவாவில் இறங்கும்போது செடி வாடுகிறது. அந்த வாட்டத்தில் இலையில் கூடும் பொருள்களில் மெத்தில் சலிசிலேட் முக்கியமானது. ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு விலை ஏறும் மாதங்களும் அவைதான். ஏற்றுமதி வருமானம் தரும் செடிக்கு ஆய்வு நிலையம் அமைப்பது இயற்கை, பாட்டுக்கும் பேச்சுக்கும் யார் தீர்வை கட்டுவார்கள் என்று கேட்கலாம். கேள்வி நடைமுறைக்கு உகந்ததுதான். ஆனால் அந்தத் தீர்வைப் பணம் செடியில் இருந்து தானாக உதிரவில்லை, கொழுந்தெடுத்த கைகள் வழியாக வந்தது. அந்தக் கைகளுக்கு உரியவர்களைப் பற்றிய அறிவை அதே பணம் வாங்கியிருந்தால் யாரும் அதை வீண்செலவு என்றிருக்க முடியாது.

அத்தகைய அறிவால் பயன் என்ன என்ற கேள்விக்குக் கடினமான பதில் ஒன்று ஊவாவிலேயே இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மண்ணுக்குள் போனார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. புவிச்சரிதவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. எச்சரிக்கைக்குப் பிறகும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்பது மண்ணியல் கேள்வி அல்ல. லயம் தோட்டத்துக்கு உரியது. குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டது. பெயரில் ஒரு பேர்ச் காணியும் இல்லாதவருக்கு ‘வெளியேறு’ என்ற அறிவுரை எங்கே போவது என்பதைச் சொல்லவில்லை. இதை விளக்குவது 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தில் தொடங்கி, 1970களின் தேசியமயமாக்கத்தையும் 1992இல் தோட்டங்கள் தனியார் முகாமைக்குப் போனதையும் கடந்துவரும் வரலாறு. அதை அறிந்தவர்கள் எச்சரிக்கை எழுதிய மேசையில் இருந்திருந்தாலும் மலை சரியாமல் நின்றிருக்காது என்பது உண்மை. ஆனால் ‘அகற்றுக’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘எந்தக் காணிக்கு, எந்த உறுதியோடு’ என்ற வரியும் எழுதப்பட்டிருக்கக் கூடும். வரலாறும் மானிடவியலும் உயிரைக் காக்காது என்கிறவர்கள் இந்த வரியின் மதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

துறைகள் பெருகினால் ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் சுருண்டு, ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காமற் போகும் என்ற எதிர்ப்பையும் அலட்சியம் செய்ய முடியாது. தேயிலை ஆய்வேடுகளையும் மலையக இலக்கிய ஆய்வுகளையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே மலையைப் பற்றியவை என்று நம்புவதே சிரமம். 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது தேயிலைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பு வந்தது. விலங்கு விஞ்ஞானமும் ஏற்றுமதி விவசாயமும், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், முகாமைத்துவம் என்பவை தொடக்கப் பீடங்கள். வரலாற்றுக்கோ தமிழுக்கோ சிங்களத்துக்கோ அங்கே பீடம் இல்லை. பிளவைக் குணப்படுத்தப் பொதுவான ஒரு மாபெரும் துறையைப் படைக்கத் தேவையில்லை. பொதுவான ஒரு பொருளை மேசையில் வைத்தால் போதும். பழைய தோட்டக் கந்தோர் ஒன்றின் அலுமாரியை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் எழுதிய மழைப் பதிவேடும், யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கடன் பட்டார் என்ற செக்றோலும் அங்கே ஒரே தட்டில் கிடக்கும். மண்சரிவை ஆராய்கிறவருக்கு முதலாவது வேண்டும், குடும்பங்களின் வரலாற்றை எழுதுகிறவருக்கு இரண்டாவது. மழை பிந்திய ஆண்டில் செக்றோலில் பெயர் குறைந்ததா, கடன் கூடியதா என்று அறிய இரண்டையும் பக்கத்தில் விரித்தே ஆகவேண்டும். தோட்டங்கள் கம்பனிகளில் இருந்து அரசுக்கும் அரசில் இருந்து மறுபடி கம்பனிகளுக்கும் கைமாறிய ஒவ்வொரு முறையும் இந்தப் புத்தகங்கள் யாருடையவை என்பது மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பக்கத்துக் கந்தோர்களில் மிஞ்சியவற்றைப் பதுளையில் ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது ஒரு மாகாண சபைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ பெரிய செலவு அல்ல. அவற்றின் பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டியவர் செக்றோலின் தமிழையும் மழைமானியின் அங்குலக் கணக்கையும் சேர்த்து வாசிக்கக் கூடியவராக இருக்க வேண்டும்.